இரட்டை முறை கைபேசிக்கு ஒரே பவர் ஆம்ப்ளிஃபயர் போதுமா?

கேள்வி இதுதான்: ஒரே கைபேசி இரண்டு வெவ்வேறு முறைகளில் பேச வேண்டும் என்றால், ஆன்டெனாவுக்குப் போகும் அலைக்குச் சக்தி ஏற்றும் பவர் ஆம்ப்ளிஃபயர் (பெருக்கி) ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? ஒன்றே போதும் என்றால் வடிவமைப்பை எந்த முனையிலிருந்து தொடங்குவது? ஏ வகுப்பு, பி வகுப்பு என்று புத்தகத்தில் படித்துவிட்டு நேரே கைபேசிப் பெருக்கியில் இறங்குகிற எல்லோருக்கும் வருகிற சந்தேகம்.

எந்த இரண்டு முறை என்பதைப் பொறுத்துத்தான் பதில். பழைய அனலாக் முறையான ஏஎம்பிஎஸ்ஸும், பலர் தனித்தனிக் குறியீட்டோடு ஒரே தடத்தில் பேசும் டிஜிட்டல் முறையான சிடிஎம்ஏவும் சேர்ந்தால் ஒன்று போதும். அது தற்செயலாகப் பொருந்திப்போன ஜோடி. ஆளுக்கொரு நேரப் பங்கு தரும் ஜிஎஸ்எம்மும், சிடிஎம்ஏ வழியில் வந்த 3ஜி முறையான டபிள்யூசிடிஎம்ஏவும் சேர்ந்தால் இரண்டு பாதை போடத்தான் சொல்வேன். முதல் ஜோடிக்குக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்துவிட்டால் இரண்டாவதற்கு ஏன் ஒத்துவராது என்பது தானே விளங்கிவிடும்.

ஏஎம்பிஎஸ் அமெரிக்காவில் 1983-இல் வணிகச் சேவைக்கு வந்த அனலாக் முறை. கைபேசி அனுப்புவது 824 முதல் 849 மெகாஹெர்ட்ஸ் வரை, கேட்பது 869 முதல் 894 வரை, ஒரு தடத்தின் அகலம் 30 கிலோஹெர்ட்ஸ். 1993-இல் வெளியான ஐஎஸ்-95 தரநிலை அதே அலைவரிசையில் சிடிஎம்ஏவைக் கொண்டுவந்தது. ஒரு தடம் ஏறக்குறைய 1.23 மெகாஹெர்ட்ஸ். சிடிஎம்ஏ கோபுரம் இல்லாத இடத்தில் அனலாக்கில் பேசிக்கொள்ளட்டும் என்றுதான் இரட்டை முறைக் கைபேசி பிறந்தது. அமெரிக்காவில் அனலாக் சேவையை நிறுத்த நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது 2008 பிப்ரவரி 18-இல்தான். அதுவரை ஒரே பெருக்கி இரண்டு வேலையையும் பார்த்தாக வேண்டியிருந்தது.

அந்த இரண்டு வேலையும் குணத்தில் நேர் எதிர். ஏஎம்பிஎஸ்ஸில் பேச்சு முழுவதும் அதிர்வெண் ஆட்டத்தில் இருக்கிறது, வீச்சு ஒரே மட்டத்தில் நிற்கிறது. ஆகவே பெருக்கியைத் தெவிட்டு நிலைக்குள் (இதற்குமேல் சக்தி தர முடியாத நிலை) தாராளமாகத் தள்ளலாம். அலையின் தலை தட்டையாகிப் போனாலும் பேச்சுக்குச் சேதமில்லை. அதனால் வருகிற ஹார்மானிக்குகளை, அதாவது இரு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண் அலைகளை, வடிகட்டிவிட்டால் சரி. சிடிஎம்ஏவில் கைபேசி அனுப்புவது ஓக்யூபிஎஸ்கே, அதாவது இரண்டு கிளைகளாக அலையின் கட்டத்தை (ஃபேஸ்) மாற்றித் தகவல் ஏற்றும் முறை. இரண்டு கிளைகளும் அரைச் சிப் (சிப் என்பது குறியீட்டின் ஒரு துண்டு) நேரம் தள்ளி மாறுவதால் வீச்சு பூஜ்யத்தில் போய் விழுவதில்லை, ஆனாலும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. சராசரியைவிட உச்சி சுமார் 4 டெசிபெல் உயரம். அந்த உச்சி மழுங்கினால் அலைக்கற்றை அகன்று பக்கத்துத் தடத்தில் வழிகிறது. ஏசிபிஆர் என்று நாங்கள் சுருக்கிச் சொல்வது இந்தக் கசிவைத்தான். மையத்திலிருந்து 885 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 30 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அளந்தால் -42 டிபிசிக்கு (முதன்மை அலையோடு ஒப்பிட்ட டெசிபெல்) கீழே இருக்க வேண்டும், 1.98 மெகாஹெர்ட்ஸ் தள்ளி அளந்தால் -54-க்குக் கீழே.

இப்போது சுமைக்கோட்டுக் கணக்குக்கு வருவோம். பேட்டரி 3.4 வோல்ட் என்று வையுங்கள். ட்ரான்சிஸ்டரின் முழங்கால் வோல்டேஜ் (அது ஒழுங்காக வேலை செய்யத் தேவையான குறைந்தபட்சம்) 0.4 போனால், வெளியீட்டு முனையான கலெக்டர் ஆடுவதற்கு 3 வோல்ட் மிச்சம். அதன் வர்க்கமான 9-ஐ, வேண்டிய சக்தியின் இரு மடங்கால் வகுத்தால் கலெக்டர் பார்க்க வேண்டிய சுமைத்தடை கிடைத்துவிடும். ஏஎம்பிஎஸ்ஸுக்குப் பெருக்கியின் வெளியீட்டில் 31 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) வேண்டும், அதாவது 1.26 வாட், விடை 3.6 ஓம். சிடிஎம்ஏவுக்குச் சராசரி 28 டிபிஎம், 0.63 வாட். இந்தச் சராசரியை அப்படியே போட்டால் 7 ஓம் வரும். புதிதாக வருகிறவர்கள் தவறாமல் விழுகிற குழி இது, நானும் விழுந்திருக்கிறேன். உச்சியும் உள்ளே அடங்க வேண்டுமே! 28-உடன் 4 கூட்டினால் 32 டிபிஎம், 1.58 வாட், அதற்கு 2.8 ஓம். ஆனால் உச்சி எப்போதாவதுதான் வருகிறது. அதன் நுனி கொஞ்சம் தேய்ந்தாலும் -42 தாங்கும். நடைமுறையில் 31, 31.5 டிபிஎம் வரை மூச்சு முட்டாமல் கொடுத்தால் போதும். அப்படியென்றால் திரும்பவும் 3.2 முதல் 3.6 ஓமுக்குள்தான் வந்து நிற்கிறோம்.

அனலாக்குக்குத் தெவிட்டிய 31, டிஜிட்டலுக்கு நேரியலான (அலையின் வடிவம் கெடாத) 28. இரண்டுக்கும் ஒரே சுமை. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல இது, கேட்காமலே கிடைத்த வரம். இந்த ஜோடிக்கு ஒரே ட்ரான்சிஸ்டர், கலெக்டரின் சில ஓமை ஆன்டெனாப் பக்கத்து 50 ஓமோடு இணைக்கும் ஒரே பொருத்தச் சுற்று, அனுப்பும் அலையையும் கேட்கும் அலையையும் பிரிக்கும் ஒரே டூப்ளெக்ஸர் போதும் என்று தைரியமாகச் சொல்ல முடிவது இதனால்தான்.

இந்த 3.5 ஓம் உலகம் எவ்வளவு குறுகலானது என்பதைப் பலகையில் கைவைத்தால்தான் தெரியும். 836 மெகாஹெர்ட்ஸில் 0.1 நேனோஹென்றி தூண்டல் அரை ஓமுக்குச் சற்று மேலே. ஒரு மில்லிமீட்டர் இணைப்புக் கம்பிக்கு ஏறக்குறைய ஒரு நேனோஹென்றி என்பது தொழிலில் எல்லோரும் கையோடு வைத்திருக்கும் கணக்கு. அதாவது கம்பியின் வளைவு பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே சுமையில் ஏழில் ஒரு பங்குக்கு எதிர்வினை (ரியாக்டன்ஸ்) சேர்ந்துவிடுகிறது. முதல் மின்தேக்கியைப் பலகையில் அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் ஏசிபிஆர் மாறுவது இதனால்தான், மாயம் ஒன்றுமில்லை.

3.6 ஓமிலிருந்து 50 ஓமுக்கு ஒரே தாவலில் போனால் சுற்றின் கியூ (எவ்வளவு கூர்மையாக ஒத்ததிர்கிறது என்ற அளவு) சுமார் 3.6. இரண்டு படியாக, நடுவில் 13 ஓமில் ஒரு திண்ணை போட்டு ஏறினால் ஒவ்வொரு படியிலும் 1.7 ஆகக் குறைகிறது. இழப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. அலைவரிசையும் 3 சதவீத அகலம்தான், அதற்காகவும் இல்லை. உதிரி பாகங்களின் மதிப்பு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் உற்பத்தியில் எல்லாப் பலகையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்பதற்காகவே இரண்டு படியைச் சொல்கிறேன்.

சிலர் முறைக்கு ஏற்றபடி சுமையை மாற்றப் பொருத்தச் சுற்றுக்குள் 'பின்' (PIN) வகை டையோடு ஸ்விட்ச் வைப்பார்கள். அந்த ஸ்விட்சுக்கு அரை ஓம் தடை என்றால், 50 ஓம் இடத்தில் அது ஒரு சதவீதம். கலெக்டர் பக்கம் வைத்தால் எட்டில் ஒரு பங்கு சக்தி அங்கேயே வெந்துபோகும். அதனால் வெளியீட்டுப் பக்கம் கைவைக்காமல் பயாஸில், அதாவது அலை வராதபோதும் ட்ரான்சிஸ்டரில் ஓடும் ஓய்வு மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் இடத்தில், மாற்றுங்கள் என்பதுதான் என் கட்சி.

பயாஸில்தான் இரண்டு முறைகளின் இழுபறியும் நடக்கிறது. ஏஎம்பிஎஸ்ஸுக்கு ஓய்வு மின்னோட்டம் எவ்வளவு குறைந்தாலும் நல்லது, பி வகுப்பை (ஓய்வு மின்னோட்டமே இல்லாத நிலை) ஒட்டி ஓட்டலாம். சிடிஎம்ஏவுக்கு அப்படி ஓட்டினால் கீழ்மட்டத்தில் பெருக்கம் குறைந்து, நடுவில் வீங்கி, உச்சியில் நசுங்கும். ஓய்வு மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்டப் பெருக்கம் தட்டையாகும், பேட்டரி கரையும். இடையில் ஓர் இடம் இருக்கிறது. உச்சிக்கு முன்னால் பெருக்கம் கொஞ்சம் வீங்குவதும், உச்சியில் நசுங்குவதும் ஒன்றையொன்று ஈடுகட்டி ஏசிபிஆர் திடீரென்று நான்கைந்து டெசிபெல் ஆழமாக விழும். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் அதிலேயே உட்கார்ந்துவிடத் தோன்றும். வெப்பம் மாறினால் பள்ளமும் நகரும், அது தெரிந்தே உட்காருங்கள். -30 டிகிரியிலும் 85 டிகிரியிலும் அளந்து பார்க்காமல் அந்த எண்ணை யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

காலியம் ஆர்சனைடு எச்பிடி (இருவேறு குறைகடத்திகளைச் சேர்த்துச் செய்த) வகை ட்ரான்சிஸ்டரில் இன்னொரு தொல்லை. அதன் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சிலிக்கானைப் போல 0.7 இல்லை, கிட்டத்தட்ட 1.3. பயாஸ் சுற்றில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ட்ரான்சிஸ்டர் வைத்தாலே 2.6 வோல்ட் போய்விடுகிறது. அந்தக் காலத்து மாட்யூல்களுக்கு 2.8, 2.9 வோல்ட் என்று தனியாக ஒழுங்குபடுத்திய ரெஃபரன்ஸ் கேட்டதன் ரகசியம் அதுதான். அதில் 0.1 வோல்ட் சரிந்தாலும் ஓய்வு மின்னோட்டம் பாதாளத்துக்குப் போகும்.

இனி முக்கியமான விஷயம். செயல்திறன் 28 டிபிஎம்மில் 35 சதவீதம், 31 டிபிஎம்மில் 50 சதவீதம் என்று தரவுத்தாளின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பேச்சு நேரத்தைப் பொறுத்தவரை இதில் பாதிக்குமேல் அலங்காரம். சிடிஎம்ஏ கோபுரம் நொடிக்கு 800 முறை கைபேசியைப் பார்த்து ஏறு, இறங்கு என்று ஒரு டெசிபெல் படியாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எல்லோர் குரலும் கோபுரத்தில் ஒரே அளவில் போய்ச் சேர்ந்தால்தான் சிடிஎம்ஏ நடக்கும். விளைவு, நகரத்துக்குள் கைபேசி உச்ச சக்தியைத் தொடுவதே அபூர்வம். பெரும்பாலான நேரம் சில மில்லிவாட்தான். இப்போது கணக்குப் பாருங்கள். ஓய்வு மின்னோட்டம் 100 மில்லிஆம்பியர், 3.4 வோல்ட், செலவு 340 மில்லிவாட். வெளியே போவது 5 மில்லிவாட். செயல்திறன் ஒன்றரை சதவீதம். முதல் பக்கத்து 35 எங்கே, இந்த ஒன்றரை எங்கே?

தாழ்ந்த சக்தியில் பயாஸை 40 மில்லிஆம்பியருக்கு இறக்கினால் செலவு 136 மில்லிவாட், செயல்திறன் 3.7 சதவீதம். ஒரே ஒரு கட்டுப்பாட்டு முனை கூடுதலாகச் சேர்த்ததற்கு இவ்வளவு லாபம். அதோடு ஒரு டிசி-டிசி மாற்றி வைத்துக் கலெக்டர் வோல்டேஜையே ஒரு வோல்ட்டுக்கு இறக்கினால், மாற்றியின் இழப்பையும் சேர்த்து 10 சதவீதத்தை எட்டலாம். மாற்றி இடம் பிடிக்கும், காசு பிடிக்கும், அதன் ஸ்விட்சிங் இரைச்சல் அலைக்குள் ஏறும். இருந்தாலும் உச்சத்தில் இரண்டு சதவீதம் கூட்டுவதற்காக ஒரு மாதம் மல்லுக்கட்டுவதைவிட, அந்த மாதத்தைக் கீழ்மட்டத்துக்குச் செலவிடுவதே புத்திசாலித்தனம்.

பயாஸை மாற்றும்போது பெருக்கமும் கட்டமும் குதிக்கும். பெருக்கம் குதித்தால் சக்திக் கட்டுப்பாடு சரிசெய்துகொள்ளும். கட்டம் குதிப்பதை ஐஎஸ்-95 கண்டுகொள்ளாது, ஏனென்றால் அதில் கைபேசியிலிருந்து வரும் அலையைக் கோபுரம் கட்டத்தை நம்பாமலே பிரித்தெடுக்கிறது. பின்னால் வந்த சிடிஎம்ஏ2000-த்திலும் டபிள்யூசிடிஎம்ஏவிலும் கைபேசியே பைலட் (கோபுரத்துக்கு முன்பே தெரிந்த வழிகாட்டி அலை) அனுப்புகிறது, கோபுரம் அதன் கட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதைப் படிக்கிறது. பழைய பெருக்கியை அப்படியே தூக்கிப் புதிய தரநிலைக்கு மாட்டினால் இந்த இடத்தில் இடறும்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பலகை ஏஎம்பிஎஸ் சோதனையில் பிரமாதமாகத் தேறியது: சக்தி, செயல்திறன், ஹார்மானிக் எல்லாம் சரி. சிடிஎம்ஏ அலையைக் கொடுத்ததும் ஏசிபிஆர் மையத்துக்குக் கீழ்ப்பக்கம் -48, மேல்பக்கம் -41. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் உச்சி மழுங்குகிறது என்று முடிவு கட்டியிருப்பேன். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்ததால் பொருத்தச் சுற்றைப் பிரித்துப் பிரித்து மாட்டி மூன்று நாள் வீணாக்கினேன். குற்றவாளி பேட்டரிப் பாதையில் இருந்தது. யாரோ இரைச்சலை அடக்கலாம் என்று அதில் ஒரு ஃபெரைட் பீட் (தூண்டல் தரும் சிறு பாகம்) போட்டு, மைக்ரோஃபாரட் அளவுள்ள மின்தேக்கியை அதற்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். பெருக்கிப் பக்கம் இருந்ததெல்லாம் பைக்கோஃபாரட்கள்.

என்ன நடந்தது என்றால், சிடிஎம்ஏவில் வீச்சு ஏறி இறங்குவதால் கலெக்டர் மின்னோட்டமும் மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஏறி இறங்குகிறது. அந்த வேகத்தில் ஒரு மைக்ரோஹென்றி தூண்டல் 8 ஓமாகத் தெரியும், சுமையைவிட இரண்டு மடங்குக்குமேல். கலெக்டருக்குப் போகும் வோல்டேஜே வீச்சோடு சேர்ந்து தள்ளாடுகிறது, அந்தத் தள்ளாட்டம் மறுபடியும் அலையில் ஏறிப் பக்கத்துத் தடங்களில் ஒன்றில் கூடுகிறது, மற்றதில் கழிகிறது. ஏஎம்பிஎஸ்ஸில் வீச்சு ஆடாததால் மின்னோட்டமும் ஆடவில்லை. ஆகவே நோய் வெளியே தெரியவில்லை. பீடைக் கழற்றிவிட்டு 4.7 மைக்ரோஃபாரட் ஒன்றைச் சோக்கின் (கலெக்டருக்கு மின்சாரம் தரும் தூண்டி) காலடியில் வைத்ததும் இரண்டு பக்கமும் -47-க்கு வந்து உட்கார்ந்தன. மேசை மின்வழங்கியிலிருந்து ஒரு மீட்டர் கம்பி இழுத்துச் சோதிக்கிறவர்களும் இதே பொறியில்தான் மாட்டுகிறார்கள். அந்தக் கம்பியே ஏறத்தாழ ஒரு மைக்ரோஹென்றி.

டூப்ளெக்ஸர் பக்கம் இரண்டு எச்சரிக்கை. ஏஎம்பிஎஸ், சிடிஎம்ஏ இரண்டுமே பேசும்போதே கேட்கிற முறைகள், இடைவெளி 45 மெகாஹெர்ட்ஸ். பெருக்கி தன் இரைச்சலைக் கேட்கும் அலைவரிசையிலும் கொட்டும். அது ஹெர்ட்ஸுக்கு -135 டிபிஎம், டூப்ளெக்ஸர் தடுப்பது 45 டெசிபெல் என்றால் ஏற்பிக்குப் போவது -180. இயல்பான வெப்ப இரைச்சலான -174-க்கு 6 டெசிபெல் கீழே. இதற்குமேல் தளர விட்டால் பேசும்போது மட்டும் காது மந்தமாகிற கைபேசி கிடைக்கும். இரண்டாவது, பீங்கான் டூப்ளெக்ஸரை நம்பி ஹார்மானிக் வடிகட்டியைக் கைவிட வேண்டாம். அதிலுள்ள கால் அலைநீள ஒத்ததிர்விகள் மூன்று மடங்கு அதிர்வெண்ணை ஒட்டி மறுபடியும் கதவைத் திறக்கும். தெவிட்டிய ஏஎம்பிஎஸ் கொட்டும் மூன்றாம் ஹார்மானிக், 2.5 கிகாஹெர்ட்ஸில், அந்தக் கதவு வழியாக நேரே ஆன்டெனாவுக்குப் போய்விடும்.

வெப்பத்தைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். ஜிஎஸ்எம் பெருக்கி 35 டிபிஎம், 3 வாட்டுக்குமேல். அதுதான் அதிகம் சுடும் என்று தோன்றும். ஆனால் அது எட்டு நேரப் பங்கில் ஒரு பங்கு மட்டும், 577 மைக்ரோநொடி கொளுத்திவிட்டு அடங்கிவிடுகிறது. செயல்திறன் 50 சதவீதம் என்றால் சராசரி வெப்பம் 0.4 வாட்தான். ஏஎம்பிஎஸ் ஓயாமல் எரியும் அடுப்பு: 1.26 வாட் வெளியே, 1.26 வாட் உள்ளே. சிடிஎம்ஏ 28 டிபிஎம்மில் 35 சதவீதம் என்றால் உள்ளே வேகுவது 1.17 வாட். சக்தி பாதியானாலும் சூடு ஏறக்குறைய அதே. காலியம் ஆர்சனைடு வெப்பத்தைக் கடத்துவதில் சிலிக்கானின் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ட்ரான்சிஸ்டரின் பல விரல்களில் ஒன்று கொஞ்சம் கூடுதலாகச் சூடானால் அதன் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் இறங்கும், மின்னோட்டத்தை இன்னும் அதிகமாக அதுவே இழுத்துக்கொள்ளும், கடைசியில் எல்லாம் அந்த ஒரு விரலில் வந்து குவியும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக பாலஸ்ட் தடை போடுவது இதைத் தடுக்கத்தான். அதை மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

ஜிஎஸ்எம், டபிள்யூசிடிஎம்ஏ ஜோடிக்கு அதே சூத்திரத்தைப் போடுங்கள். ஜிஎஸ்எம் 900-இல் ஆன்டெனாவில் 2 வாட் வேண்டும். ஸ்விட்ச், வடிகட்டி இழப்பெல்லாம் சேர்த்துப் பெருக்கியின் வெளியீட்டில் 35 டிபிஎம். சுமை 1.4 ஓம். டபிள்யூசிடிஎம்ஏவுக்கு ஆன்டெனாவில் 24, பெருக்கியில் 28 அளவு. உச்சியைச் சேர்த்தால் முன்னே பார்த்த 3 ஓம் சொச்சம். 1.4 ஓம் சுமையில் 28 டிபிஎம் எடுத்தால் கலெக்டர் வோல்டேஜ் தன் ஆட்டத்தில் பாதியைக்கூடத் தொடாது. இலட்சிய பி வகுப்பே 31 சதவீதத்தில் நிற்கும்போது நிஜத்தில் அதில் பாதி கிடைத்தால் பெரிது. தவிர, ஜிஎஸ்எம் பேசும்போது கேட்பதில்லை, அதற்கு ஒரு ஸ்விட்ச் போதும். டபிள்யூசிடிஎம்ஏவுக்கு டூப்ளெக்ஸர் கட்டாயம். வெளியீட்டுப் பாதையே இரண்டாகப் பிரிந்துவிட்ட பிறகு பெருக்கியை மட்டும் ஒன்றாக வைத்து என்ன மிச்சம்? வோல்டேஜை மாற்றி மாற்றிக் கொடுத்து ஒரே பெருக்கியில் ஒப்பேற்றலாம், செய்திருக்கிறார்கள். டிசி-டிசி மாற்றி எப்படியும் பலகையில் இருக்கிறது என்றால் அதையும் யோசிக்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஏஎம்பிஎஸ், சிடிஎம்ஏ பெருக்கி என்றால் பேட்டரி இறங்கிய நிலையில், 3.2 வோல்ட்டில், சிடிஎம்ஏ அலையையே வைத்து லோட்-புல் (சுமையை மாற்றி மாற்றி அளக்கும் சோதனை) செய்யுங்கள். வீச்சு மாறாத சைன் அலையில் கிடைக்கும் உகந்த புள்ளி இதற்கு உதவாது. -42-ஐ இரண்டு மூன்று டெசிபெல் மிச்சத்தோடு தாண்டுகிற வட்டத்தை வரையுங்கள். அதே புள்ளிகளில் ஏஎம்பிஎஸ் செயல்திறன் வட்டங்களை மேலே போடுங்கள். இரண்டும் வெட்டுகிற சின்னப் பரப்பில் சுமையை நிறுத்துங்கள். இரண்டாம் ஹார்மானிக்கைக் கலெக்டருக்கு அருகிலேயே ஒரு தொடர் எல்சியால் (தூண்டியும் மின்தேக்கியும் வரிசையாக) தரைக்கு இழுங்கள். ஓய்வு மின்னோட்டத்துக்குக் குறைந்தது இரண்டு நிலை வையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு பேட்டரியை 4.2 வோல்ட்டுக்கு ஏற்றி, 10-க்கு 1 விஎஸ்டபிள்யூஆர் (எவ்வளவு பொருந்தவில்லை என்ற அளவு) சுமையை எல்லாக் கட்டத்திலும் சுழற்றிப் பாருங்கள். ஆன்டெனாவைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிறவருக்கு அதுதான் நடக்கிறது. அலைமாலையில் எங்காவது நாம் கொடுக்காத கோடு ஒன்று முளைத்தால், பெருக்கியின் முதல் நிலை ட்ரான்சிஸ்டரின் பேஸில் சில ஓம் தடையைச் சேர்த்துவிட்டு மறுபடியும் சுழற்றுங்கள்.